வகுப்புக்கு நெற்றித் தெர்மாமீட்டர் வாங்கலாமா?

புதுச்சேரி அரியாங்குப்பம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினால் காய்ச்சலைக் காட்டும் தெர்மாமீட்டரை நேரு வீதியில் வாங்கி, போன கல்வியாண்டு முழுக்க வகுப்பில் வைத்திருந்தேன். வாங்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

வாயிலோ அக்குளிலோ வைக்க வேண்டியதில்லை, ஒரு பிள்ளையின் எச்சில் இன்னொரு பிள்ளைக்குப் போகாது. ஊசி என்றாலே அழும் பிள்ளைகூட இதற்கு நெற்றியைக் காட்டி நிற்கும்.

சிக்கல் நம் ஊர் வெயில்தான். அப்பாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து வரும் பிள்ளைக்குக் காலையிலேயே நெற்றி சுடும். உடனே பார்த்தால் கூட்டிக் காட்டும், வியர்த்திருந்தால் குறைத்துக் காட்டும். கால் மணி நேரம் நிழலில் உட்கார வைத்து, நெற்றியைத் துடைத்து, முடியை ஒதுக்கிப் பார்த்தால்தான் நம்பலாம். உடம்புச் சூட்டைப் பார்க்க ஒன்று, பொருள்களின் சூட்டைப் பார்க்க ஒன்று என்று இதில் இரண்டு நிலை உண்டு, மாற்ற ஒரு பட்டன். அந்த பட்டனைப் பக்கவாட்டில் வைத்திருப்பது சரியே இல்லை. கை பட்டு மாறிவிட்டால் காய்ச்சல் உள்ள பிள்ளைக்கும் குறைந்த எண்தான் வரும். 100.4 காட்டினால் அக்குள் தெர்மாமீட்டரிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு போன் செய்கிறேன்.

அப்புறம், தெர்மாமீட்டரை மட்டும் நம்பினால் கோட்டை விடுகிற நோய்களும் உண்டு. சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். பொன்னுக்குவீங்கியும் கன்னம் வீங்கும் முன்பே பரவும். அரசு போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும்தான், பொன்னுக்குவீங்கிக்கு இல்லை. இதற்கெல்லாம் கைகொடுத்தது வருகைப் பதிவேட்டோடு வைத்த ஒரு நோட்டு: யார் வரவில்லை, உடம்புக்கு என்ன, எந்த பெஞ்ச். அம்மை என்றால் பல வீடுகளில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "ஊருக்குப் போயிருக்கோம் டீச்சர்" என்பார்கள். அதட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஒரே பெஞ்சில் இரண்டு பேர் கன்ன வீக்கத்தால் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டார்கள். மூன்றாவது பிள்ளையின் அம்மாவிடம், "தாடை வலிக்குதுன்னு சொன்னா அனுப்பாதீங்கம்மா" என்று அன்றைக்கே சொன்னேன். மறுநாள் வலி வந்தது, அவரும் அனுப்பவில்லை. முந்தின நாள் தெர்மாமீட்டரில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லை. நோட்டைப் பார்த்த சுகாதார நிலைய சிஸ்டர், வீக்கம் தொடங்கி 5 நாள் கழித்து வரட்டும் என்றார். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்ட வேண்டும்.

2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ காய்ச்சலுக்காகப் புதுச்சேரியில் 8ஆம் வகுப்பு வரை 16 முதல் 26 வரை பள்ளிகளை மூடினார்கள். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த பிள்ளைகள், திரும்பி வந்தபோது திணறினார்கள். ஒரு பெஞ்சோடு நிறுத்த முடிகிற நோயை அங்கேயே நிறுத்த வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

வாங்குகிறவர்கள், நிலை மாற்றும் பட்டன் சுலபத்தில் கை படாத மாடலாகக் கேளுங்கள். மே விடுமுறைக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே அரித்துவிடும்.