ரெட்மியா, விவோவா, ஐடெல்லா: நெல்லைச் சீமையில் மலிவு போன் ஜெயிக்கிற விதம்

பத்தாயிரத்துக்குள் எந்த போன் நல்லது என்று யாராவது கேட்டால், "யாருக்கு, எந்த ஊர்ல?" என்று நான் முதலில் திருப்பிக் கேட்பேன். பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போகிற பையனுக்கு ஒரு பதில், முக்கூடலில் பீடி சுற்றுகிற அக்காவுக்கு வேறு பதில், உவரியில் கடலுக்குப் போகிறவருக்கு அந்த இரண்டுமே பொருந்தாது. ஸ்பெக் பட்டியலை வைத்துக்கொண்டு எது பெரிது என்று சண்டை போடுவதில் எனக்கு அக்கறை இல்லை. இங்கே முதல் போனை விலைதான் விற்கிறது, ஆனால் அது கெட்டுப்போன அன்று யார் பதில் சொன்னார் என்பதை வைத்துத்தான் வீட்டுக்கு இரண்டாவது போன் வருகிறது. பிராண்டுகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் படம் கொஞ்சம் மாறிவிடும்.

சீனக் கம்பெனிகளுக்கு முன்னால் மைக்ரோமேக்ஸ், லாவா, கார்பன் காலம் ஒன்று இருந்தது. இரண்டு சிம், நாள்கணக்கில் நிற்கிற பேட்டரி, தெரு முழுக்கக் கேட்கிற ஸ்பீக்கர். 2014 கடைசிக் காலாண்டில் மைக்ரோமேக்ஸ் இந்தியாவில் சாம்சங்கையே முந்திவிட்டது என்று கானலிஸ் என்கிற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குச் சொன்னது. அப்புறம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, அது முழுக்க 4ஜி, பேசுவதற்கே 4ஜி போன் வேண்டும், நம்மூர்க் கம்பெனிகள் கையிலோ 3ஜி சரக்கு தேங்கிக் கிடந்தது. ஒரே வருடத்தில் தட்டு தலைகீழானது. ஒரே நெட்வொர்க்குக்குள் பேசினால்தான் காசு குறைவு என்பதற்காக ரெண்டு மூணு சிம் வைத்திருந்த பழக்கத்துக்கும் அன்றோடு தேவை குறைந்துபோனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐடெல் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

சரி, பெரிய போட்டிக்கு வருவோம். ஒரு பக்கம் ரெட்மி, மறுபக்கம் விவோவும் ஒப்போவும்.

ரெட்மியைச் செய்கிற ஷாவ்மி 2014 ஜூலையில் எம்ஐ 3 போனை 13,999 ரூபாய்க்கு ஃப்ளிப்கார்ட்டில் மட்டும் இறக்கியது. கடை கிடையாது, பெரிய விளம்பரம் கிடையாது, குறித்த நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடித்துப் பிடித்து வாங்க வேண்டும். கொஞ்ச நாளில் ரெட்மி 1எஸ் 5,999க்கு வந்தது. கடைக்காரர் கமிஷனும் விளம்பரச் செலவும் மிச்சம், அந்த மிச்சம் போனுக்குள் போனது, இதுதான் சூத்திரம். நம் பக்கத்தில் இது எப்படி நடந்தது என்றால், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிற மகன் அங்கிருந்து ஆர்டர் போடுவான், தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு ரெட்மி கொண்டுவருவான். ஊர்க் கடைக்காரருக்கு இதில் ஒரு பைசா கிடையாது, அதனால் அந்த போனைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொல்வதற்கும் ஒரு காரணமும் கிடையாது.

விவோவும் ஒப்போவும் நேர் எதிர் வழியில் வந்தன. முதலில் கடைக்காரரைப் பிடித்தன. வள்ளியூர், ஆலங்குளம், அம்பாசமுத்திரம் என்று எந்தக் கடைத்தெருவில் பார்த்தாலும் நீலப் போர்டும் பச்சைப் போர்டும் நின்றது இப்படித்தான். கடைக்காரருக்குத் தாராளமாக மார்ஜின், கடைக்குள் நின்று விற்பதற்குக் கம்பெனியே சம்பளம் கொடுத்து ஒரு பையன், மேலே ஐபிஎல். 2018 முதல் ஐந்து வருடத்துக்கு ஐபிஎல்லில் தன் பேரைப் போட்டுக்கொள்ள விவோ ஒத்துக்கொண்ட தொகை 2,199 கோடி ரூபாய். அந்தக் காசு எங்கிருந்து வரும்? போன் வாங்குகிறவரிடமிருந்துதான். 2016 கடைசியில் கிட்டத்தட்ட 12,000க்கு வந்த விவோ ஒய்55எல்லில் ஸ்னாப்டிராகன் 430 என்கிற சிப், அடுத்த ஜனவரியில் 9,999க்கு வந்த ரெட்மி நோட் 4ல் அதைவிட வேகமான ஸ்னாப்டிராகன் 625. காகிதத்தில் இது போட்டியே இல்லை.

ஆனால் கடையில் நடப்பது வேறு. சுரண்டையிலிருந்து ஒரு அக்கா வருகிறார், கையில் முழுப் பணம் இல்லை, வாரக் கூலி. கடைப் பையன் தவணைக்கு ஏற்பாடு செய்கிறான், சிம்மை மாற்றிப் போடுகிறான், பழைய போனில் இருந்த நம்பர்களையும் பேரப்பிள்ளை போட்டோக்களையும் ஏற்றித் தருகிறான், வாட்ஸப் போட்டுத் தமிழ் கீபோர்டு வைத்து, "ஆச்சிக்கு எழுத வேண்டாம்க்கா, இந்த மைக்க அமுக்கிட்டுப் பேசச் சொல்லுங்க" என்று சொல்லிக் கொடுக்கிறான். டெம்பர் கிளாஸ் ஒட்டி பவுச் மாட்டி அனுப்புகிறான். பத்து நாள் கழித்து ஏதோ அமுங்கிப் படம் தெரியவில்லை என்றால் அதே கடைக்கு வரலாம், அதே பையன் இருப்பான். ஆன்லைன் பெட்டிக்குள் இதில் ஒன்றுகூட வைத்து அனுப்ப முடியாது. இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு என்று நான் மனதார நம்புகிறேன். அந்த 430க்கும் 625க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி இதற்குத்தான் போகிறது.

இதற்காகக் கடைக்காரரைத் தெய்வமாக்க வேண்டாம். எந்த மாடலுக்கு இன்சென்டிவ் கூடவோ அந்த மாடல்தான் முதலில் கைக்கு வரும். "அண்ணாச்சி, எட்டு ஜிபி ராம்" என்று ஒரு போனை நீட்டுவார்கள், விசாரித்தால் நாலு நிஜம், மீதி நாலு ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது. அது போனை வேகமாக்காது. தவணை இன்னும் மோசமாகப் போகலாம், வட்டி இல்லை என்பார்கள், பிராசசிங் கட்டணம் தனியாக ஏறும், ஒரு தவணை தவறினால் போனையே லாக் செய்கிற ஆப்பை உள்ளே ஏற்றிக் கொடுக்கிற ஃபைனான்ஸும் உண்டு. வாரக் கூலிக்காரருக்கு இன்று சம்பளம் ஏறுவது, சிலிண்டர் பதிவது, பிள்ளையின் பள்ளிக்கூடத்து குரூப் எல்லாம் போனில்தான். அதைப் பூட்டுவது வீட்டையே பூட்டுகிற மாதிரி. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியது விற்கிறவரின் கடமை, பெரும்பாலும் சொல்வதில்லை.

ரெட்மி பக்கமும் ஒரு மறைவு விலை உண்டு. ஹார்டுவேரில் 5 சதவீதத்துக்கு மேல் லாபம் வைக்க மாட்டோம் என்று ஷாவ்மி 2018 ஏப்ரலில் அறிவித்தது. நல்ல வாக்குத்தான், ஆனால் வருமானம் வேறு வழியில் வர வேண்டுமே, அது போனுக்குள் வருகிற விளம்பரங்களாக வந்தது. இன்று பல மலிவு போன்களில் இதே கதைதான், லாக் ஸ்க்ரீனிலேயே ஏதாவது மின்னும். எது விளம்பரம், எது நிஜ எச்சரிக்கை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத பெரியவர்கள் கையில் இது வெறும் தொந்தரவோடு நிற்காது, தெரியாத ஆப்பை ஏற்றி வங்கிக் கணக்கு வரைக்கும் போகிற ஆபத்து.

போட்டியின் முடிவு ஒரு விதத்தில் 2018லேயே தெரிந்துவிட்டது. கடை வேண்டாம் என்று ஆரம்பித்த ஷாவ்மி அந்த அக்டோபரில் கிராமப்புறங்களில் ஒரே நேரத்தில் 500க்கு மேல் கடைகளைத் திறந்து கின்னஸில் ஏறியது. கடைதான் எல்லாம் என்றிருந்த ஒப்போ குடும்பத்திலிருந்து அதே வருடம் ரியல்மி கிளம்பி ஆன்லைனில் ரெட்மியை அடித்தது. சாம்சங் 2019 ஜனவரியில் எம் வரிசையை ஆன்லைனுக்கென்றே இறக்கியது. ஆளுக்கு ஆள் எதிராளியின் வழியை எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் 2024ல் இந்தியாவில் அதிகம் போன் அனுப்பியது விவோ என்கிறது ஐடிசி என்கிற ஆய்வு நிறுவனத்தின் கணக்கு, அதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

ஐடெல்லும் டெக்னோவும் ட்ரான்ஷன் என்கிற ஷென்சென் கம்பெனியுடையவை. ஆப்பிரிக்காவில் அவர்கள் ஜெயித்த விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நெட்வொர்க் மாறினால் காசு கூடுகிற ஊர்களுக்கு நாலு சிம் வரைக்கும் போடுகிற போன், எத்தியோப்பியாவுக்கு அம்ஹாரிக் கீபோர்டு, அங்கேயே 2011ல் ஒரு தொழிற்சாலை, ரிப்பேருக்கு கார்ல்கேர் என்று தனிச் சேவை மையங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கறுத்த முகம் இருட்டில் தெளிவாக விழுகிற மாதிரி திருத்திய கேமரா. இந்தக் கடைசி விஷயம் நமக்கு ரொம்ப வேண்டியது. நம் வெயிலில் நம் நிறம் நம் நிறமாக விழ வேண்டும், பல செல்ஃபி போன்களில் முகத்தை வெளுப்பாக்குகிற பியூட்டி ஃபில்டரை நிறுத்தாமல் எடுத்தால் கல்யாண வீட்டில் ஒட்டுமொத்தக் குடும்பமும் மாவு பூசினது போல் வருகிறது. ட்ரான்ஷன் 2016ல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் பலம் பாதி இங்கே செல்லவில்லை. ஜியோவால் சிம் கணக்கு மாறிவிட்டது, தமிழ் கீபோர்டு எல்லா ஆண்ட்ராய்டிலும் வந்துவிட்டது, சந்தையும் காலியாக இல்லை. மிச்சம் இருந்தது விலையும் பேட்டரியும். 7,000 ரூபாய்க்கு மேல் போகவே முடியாதவருக்கு ஐடெல் நல்ல போன்தான், ஆனால் 2 ஜிபி ராம் மாடலை மட்டும் தொட வேண்டாம், வாட்ஸப்பும் பணம் அனுப்புகிற ஆப்பும் சேர்ந்து ஓடினாலே அது திணறும்.

ஜியோபோன் பற்றி ரெண்டு வரி. 2017ல் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்தது, பட்டன் போனில் 4ஜி. ஜியோ சிம் தவிர வேறு எடுக்காது, வாட்ஸப் வரவே 2018 செப்டம்பர் ஆனது, அதற்குள் பிள்ளைகள் பெற்றோருக்குப் பழைய டச் போனைக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது ரிப்பேர். எங்கள் பக்கத்தில் எல்லாப் போட்டியும் கடைசியில் வந்து சேர்கிற இடம் இதுதான். கம்பெனி சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் திருநெல்வேலியில், திசையன்விளையிலிருந்து வந்து போனால் ஒரு நாள் கூலி காலி. அதனால் பக்கத்தில் இருக்கிற ரிப்பேர் கடையில் அந்த மாடலுக்கு டிஸ்ப்ளே காம்போ, அதாவது திரையும் டச்சும் சேர்ந்த மாற்றுப் பாகம், கிடைக்குமா என்பதே போனின் ஆயுசு. ரெட்மி, விவோ, சாம்சங் ஓடுகிற மாடல்களுக்குக் கிடைக்கும். அதிகம் விற்காத மாடலுக்கு, எந்த பிராண்டானாலும், "வரணும் அண்ணே" என்கிற பதில்தான். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் சார்ஜிங் பின் சீக்கிரம் அரித்துப்போகும், அதைத் தனி போர்டாக மாற்ற முடிகிற மாடலா என்று ரிப்பேர்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு வாங்குகிற மீனவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த விமர்சனத்திலும் வராத கேள்வி அது, ஆனால் அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

என் கணிப்பு இதுதான். வீட்டில் போன் தெரிந்த ஒரு ஆள் இருந்து, நகரம் பக்கமாகவும் இருந்தால் ஆன்லைனில் ரெட்மியோ சாம்சங்கோ எடுங்கள். 2025ல் பத்தாயிரத்துக்குள் வந்த சாம்சங் எஃப்06 5ஜிக்கு நான்கு வருட அப்டேட் உண்டு, பண ஆப் வைத்திருப்பவருக்கு கேமராவைவிட அது பெரிது. மற்றவர்கள் ஐந்நூறு, ஆயிரம் கூடப் போனாலும் உள்ளூர்க் கடையில் வாங்குங்கள், விவோவோ ஒப்போவோ ரெட்மியோ, அந்தக் கடையில் அதிகம் ஓடுகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள், முடிந்தால் தவணை இல்லாமல்.

இந்த எல்லாருக்கும் இன்னொரு போட்டியாளர் உண்டு, செகண்ட் ஹேண்ட். புது 7,000 ரூபாய் போனைவிட, இரண்டு வருடம் ஓடின 15,000 ரூபாய் போன் அதே விலைக்குக் கிடைத்தால் நான் பழசைத்தான் எடுப்பேன், பேட்டரியை மாற்றிக்கொண்டால் இன்னும் கொஞ்ச காலம் நிம்மதியாக ஓடும். பில்லும் பெட்டியும் கேளுங்கள். *#06# அடித்தால் வருகிற ஐஎம்இஐ நம்பரும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள், பிறகு அதே நம்பரை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுத் திருட்டு போன் இல்லை என்று உறுதி செய்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.