சுங்கை சிப்பூட் பக்கம் காடிக் கண்ணாடி மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்பூட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காடியின் பின்கதவுக் கண்ணாடி உடைந்துபோனால் அன்றைக்கே மாற்றப் பாருங்கள். "கண்ணாடி ஸ்டாக் இல்ல, காசைக் கட்டிட்டு காடிய விட்டுட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் காடியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். எங்களுக்கு இதில் பணம் போனது, அது போகட்டும். என் மூன்று வயது மகளின் தொடையைக் கண்ணாடி கிழித்ததைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

கண்ணாடி உடைந்தது லிந்தாங் சாலையில். வீட்டுக்காரர் என் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். செம்பனை ஓரமாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தவரின் மிஷினில் இருந்து ஒரு கல் தெறித்து இடதுபக்கப் பின்கதவில் பட்டது. சின்னக் கல்தான். ஆனால் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. முன்கண்ணாடி அப்படி இல்லை. அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, கல் பட்டால் விரிசல் விட்டு அப்படியே நிற்கும். சின்ன விரிசலை ஒட்டுப்போட்டும் சரிசெய்யலாம். பக்கத்துக் கண்ணாடிகளைச் சூட்டில் காய்ச்சிச் சட்டென்று காற்றடித்து ஆறவைத்து இறுக்கியிருப்பார்கள். ஒரு முனையில் அடி விழுந்தால் மொத்தமும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். கத்தி மாதிரி நீள நீளமாகக் குத்தாமல் இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஒட்டுப்போட வழியே கிடையாது. புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

புல் வெட்டியவர் மிஷினைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். வெளிநாட்டுத் தொழிலாளி, பாவம், கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. சாலையோரத்தில் வெட்டும்போது ஒருவர் வலையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும், அந்த ஆளையும் வலையையும் கொடுக்காத கான்ட்ராக்டரைத்தான் சொல்ல வேண்டும். அது வேறு கதை.

டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். பேர் சொல்லப் போவதில்லை. நம்ம ஆளு நடத்துகிற கடை. என் அப்பா தோட்டத்தில் பால் வெட்டின காலத்தைப் பற்றியெல்லாம் விசாரித்தார். "அக்கா, நீங்க கவலையே படாதீங்க, நான் இருக்கேன்ல" என்றார். எங்கள் காடிக்கு இன்சூரன்ஸில் கண்ணாடிக்கென்று தனியாகக் கட்டியிருக்கிறோமே, அதில் எடுக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அதற்குக் கடைக்காரர் சொன்ன பதில் இது: "அண்ணே, அது முன்கண்ணாடிக்கு மட்டும்தான். பின்னால உள்ளதுக்கு கிளேய்ம் பண்ணீங்கன்னா உங்க என்சிடி எல்லாம் போயிடும். அம்பத்தஞ்சு பர்சன்ட்ட விட்டுட்டு நிப்பீங்க. கேஷா கட்டிருங்க, நான் பார்த்துப் போட்டுக் குடுக்குறேன்."

என்சிடி என்பது கிளேய்ம் எடுக்காமல் இருப்பவர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அவர் சொன்னது முழுப் பொய். ஒவ்வொரு வார்த்தையும் பொய். நம் நாட்டுக் காடி இன்சூரன்ஸில் 89 என்று எண் போட்ட ஒரு இணைப்பு உண்டு. விண்ட்ஸ்கிரீன் கவர் என்று ஏஜென்ட் சொல்வதும் அதுதான். முன்கண்ணாடி, பக்கத்துக் கண்ணாடிகள், கூரைக் கண்ணாடி இருந்தால் அதுவும், எல்லாம் அதற்குள் அடங்கும். கண்ணாடி மட்டும் உடைந்து இதில் எடுத்தால் என்சிடியில் கை வைக்க மாட்டார்கள். வழக்கமாக எவ்வளவுக்குக் கவர் எடுக்கிறோமோ அதில் 15 விழுக்காடு கட்டுகிறோம்; 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்தால் 150 வெள்ளி. வருஷா வருஷம் அந்தக் காசைக் கட்டிவிட்டு, தேவைப்படும் நேரத்தில் "என்சிடி போயிடும்" என்ற ஒரு பேச்சுக்குப் பயந்து கையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறோம். பேச்சு எங்கே பலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் பாலிசிக் காகிதத்தை இப்போதே எடுத்து 89 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கண்ணாடி உடைந்த உடனே கம்பெனிக்குப் போன் போட்டு, அவர்கள் சொல்கிற கடையில், அவர்கள் ஒப்புதல் கொடுத்த பிறகு மாற்றுங்கள். நாங்கள் ஏஜென்ட்டைப் பிடித்துப் பேசும்போது வேலை முடிந்து ரசீதும் போட்டாயிற்று, இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருமுறை எடுத்தபின் மீண்டும் காசு கட்டிப் புதுப்பிக்காவிட்டால் பல பாலிசிகளில் மிச்ச நாளுக்கு அந்தக் கவர் இருக்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி 320, டின்ட் 80, கூலி 80, ஆக 480 வெள்ளி என்றார். புத்தம் புது ஒரிஜினல், கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருந்து வரணும் என்று 300 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டார். நாளைக்கு வந்துரும் என்றார். மறுநாள் கேட்டால் லாரி வரவில்லை என்றார். அப்புறம் தவறான பக்கத்துக் கண்ணாடி அனுப்பிவிட்டார்கள் என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. நான் நேரில் போய்ப் பார்த்தபோது காடி கொட்டகைக்கு வெளியே கிடந்தது. உடைந்த இடத்தில் ஒரு குப்பைப் பையைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள், அதுவும் ஒருபக்கம் பிய்ந்து தொங்கியது. பேராக்கில் மதியத்துக்கு மேல் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். பின்சீட்டை அழுத்தினால் தண்ணீர் வந்தது. கால்மிதிக்குக் கீழே கையை விட்டேன், கம்பளம் ஊறி நொதநொதவென்று இருந்தது. பூஞ்சை வாடை. "வெயில்ல வெச்சா காஞ்சிரும்க்கா" என்றார். மேலே காயும், உள்ளே இருக்கிற பஞ்சு காயாது. அந்த வாடை இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

காடியை எங்கேயும் விடாமல் வீட்டிலேயே வைத்திருக்க முடிந்தால் அதுதான் நல்லது. கண்ணாடி கிடைக்கும்வரை தெளிவான தடித்த பிளாஸ்டிக்கைக் கதவுச் சட்டத்தின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்த்து ஒட்டுங்கள். அந்தக் கதவைப் படாரென்று சாத்தாதீர்கள். பவர் விண்டோ சுவிட்சை யாரும் தொடக் கூடாது. கதவுக்குள் கொட்டிய கண்ணாடித் துண்டு ஏற்றி இறக்குகிற ரெகுலேட்டரில் சிக்கினால் அதுவும் கெட்டுப்போகும். பின்சீட்டில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

கடைசியில் காடி வந்தது. மிச்சம் 180 வெள்ளியையும் கட்டினோம். ரசீதில் "கண்ணாடி, புதுசு" என்று அவர் கையாலேயே மலாயில் எழுதிக் கொடுத்தார், அந்த ஒரு காகிதம்தான் இன்றைக்கு எங்களிடம் இருக்கிற ஆயுதம். டின்ட் மற்ற கண்ணாடிகளைவிடக் கன்னங்கரேலென்று இருந்தது. கேட்டதற்கு, 2019இலிருந்து பின்பக்கம் எவ்வளவு கறுப்பாகவும் போடலாம், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடிக்காது என்றார். அது உண்மைதான்: முன்கண்ணாடிக்கு 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுகளுக்கு 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும், பின்பக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எதற்காக அவ்வளவு கறுப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டினேன். வீல் என்று கத்தினாள். பெல்ட் மாட்டுகிற கொக்கி சீட்டுக்குள் இறங்கியிருக்கும் பள்ளம் இருக்கிறதே, அதற்குள் இருந்து பயறு அளவு ஒரு கண்ணாடித் துண்டு நிமிர்ந்து நின்றது. கவுனில் ரத்தம். கிளினிக்கில் கழுவி மருந்து போட்டார்கள். பெரிய காயமில்லை, ஆனால் வெகுநாள் அவள் அந்தப் பக்கம் உட்கார மாட்டேன் என்று அழுதாள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன்: சீட் இடுக்கு, பெல்ட் கொக்கி, முன்சீட்டின் தண்டவாளம் என்று எங்கே பார்த்தாலும் மினுக்மினுக்கென்று துகள். தூசி உறிஞ்சுகிற வாக்கும் மிஷின்கூடப் போடவில்லை. கூலி 80 வெள்ளி எதற்கு வாங்கினார்கள்?

போன் செய்தேன். "டெம்பர் கண்ணாடிக்கா, அது வெட்டாது" என்றார். சீறி எழுந்துவிட்டேன். பிள்ளையின் காயத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

கதவைச் சாத்தும்போதெல்லாம் உள்ளே சலசலவென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒருநாள், ஈப்போ போகும் வழியில் டோலில் இறக்கிய கண்ணாடி திரும்ப ஏறவில்லை. கதவுக்குள் 'தொப்'பென்று விழுந்தது. நல்ல மழை. மாமியார் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டே ஈப்போ வரை வந்தார்.

ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கே (முதலாளி) கடை. அவர் கதவின் உள்பலகையைக் கழற்றிவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க பாரு" என்று காட்டினார். கதவின் அடியில் உடைந்த பழைய கண்ணாடி ஒரு கைப்பிடிக்கு மேல் அப்படியே கிடந்தது, சத்தம் அதுதான். தண்ணீர் வடிகிற துளைகளை அந்தத் துகளும் மண்ணும் அடைத்துக்கொண்டு, கதவுக்குள் தண்ணீர் தேங்கி, தகரம் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. உள்பலகைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள், அது இல்லவே இல்லை. கண்ணாடியை ரெகுலேட்டரோடு பிடிக்கிற கிளிப் உடைந்துபோனதால், குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கோனைப் பூசி ஒட்டியிருந்தார்கள். பிறகு அவர் டின்ட்டின் ஒரு ஓரத்தை நகத்தால் உரித்தார். உள்ளே மேலிருந்து கீழாக நீள நீளமான கீறல்கள். பழைய டின்ட் ஒட்டின பசையின் கறை விளிம்பில் இருந்தது. வேறொரு காடியில் இருந்து கழற்றிய பழைய கண்ணாடி! பழைய காடிகளை வெட்டிப் பாகம் பாகமாக விற்கிற ஹாஃப்கட் கடையில் மலிவாகக் கிடைக்கிற சாமான். பழையது போடுவதில் தப்பில்லை, நல்ல நிலையில் இருந்தால் அதுவும் பல வருஷம் ஓடும், தோட்டத்துச் சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கு அது ஒரு வழிதான். பழையது என்று சொல்லிப் பழைய விலை வாங்க வேண்டும். புதுசு என்று எழுதி 320 வாங்குவதற்குப் பேர் திருட்டு.

அந்தத் தவுக்கே புதுக் கண்ணாடி, கிளிப், பிளாஸ்டிக் தாள், டின்ட் எல்லாம் சேர்த்து 220 வெள்ளிக்கு, நாங்கள் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் போட்டுக் கொடுத்தார். கதவுக்குள் வாக்கும் மிஷின் போட்டார், துளைகளைக் கம்பியால் குத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று காட்டினார். எங்கள் காடி தெருவுக்குத் தெரு ஓடுகிற மைவி. அதற்குக் கண்ணாடி இல்லை, கேஎல்லில் இருந்து வரணும் என்று எங்களைக் காக்கவைத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

கண்ணாடி மாற்றும்போது டின்ட் ஒட்டுவதற்கு முன்பே அதன் கீழ்மூலையைப் பாருங்கள். தயாரித்த கம்பெனியின் முத்திரை, டெம்பர்ட் என்ற எழுத்து, பெரும்பாலும் ஒரு வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 43ஆர் என்றும் இருக்கும். முத்திரையே இல்லாத கண்ணாடியையும், கண்ணாடி மாதிரி வெட்டிப் பொருத்துகிற பெர்ஸ்பெக்ஸ் தகட்டையும் வாங்காதீர்கள். மூலையைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். உள்பலகையை மூடுவதற்கு முன் கதவின் அடியைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு நாலைந்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ரசீதில் புதுசா பழசா என்று கட்டாயம் எழுதி வாங்குங்கள்.

நாங்கள் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம். மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா என்று கேளுங்கள். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை, அந்தப் பக்கமும் வைக்க முடியாது. ரசீது, ஈப்போ கடையில் எடுத்த படங்கள், கிளினிக் பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இணைத்தோம். நோட்டீஸ் போன மறுநாளே அந்தக் கடைக்காரர் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பிடித்து, "நம்மளுக்குள்ள எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லியனுப்பினார். நம்மளுக்குள்ள என்கிறவர் என் பிள்ளைக்கு அடிபட்டதைச் சொன்னபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனுவை நாங்கள் திரும்ப வாங்கப் போவதில்லை.

இதை அக்கம்பக்கத்தில் சொன்ன பிறகு, எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இன்னும் சிலர் அதே கடையில் கறுப்பு டின்ட்டோடு கண்ணாடி மாற்றியது தெரியவந்திருக்கிறது. உங்கள் காடியிலும் கதவைச் சாத்தும்போது சலசலத்தால் உடனே திறந்து பாருங்கள். மூன்று வருஷத்துக்குள் மனு போடலாம், அதனால் ரசீதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் போட வேண்டும். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்று யாரும் விட்டுவிட வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், நடந்ததைத் தமிழில் சொல்லுங்கள், மலாயில் நான் எழுதித் தருகிறேன்.