உடம்பா, ஆட்டமா: மிலிச்சிச்சும் டான்சிச்சும்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களை எடுப்பதுதான் டிராஃப்ட். அதற்கு வரும் ஐரோப்பியப் பையனை இரண்டு விதமாக எடைபோடலாம். உடம்பைப் பார்க்கலாம், அல்லது ஆடிய களத்தைப் பார்க்கலாம்.

2003இல் டெட்ராய்ட் அணி முதல் வழியில் போனது. செர்பியாவின் டார்கோ மிலிச்சிச்சுக்கு 18 வயது, ஏழடி உயரம். பயிற்சியில் பார்த்தவர்கள் மயங்கிவிட்டார்கள். இரண்டாவது ஆளாக எடுத்தார்கள். அவர் சோபிக்கவில்லை. அவருக்கு அடுத்துப் போனவர்கள் கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட்; மூவரும் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். வயிறு எரியத்தானே செய்யும்!

2018இல் லூகா டான்சிச் கதை நேர்மாறு. 16 வயதில் ரியல் மாட்ரிட் அணிக்காக இறங்கியவர். 2017இல் தன் நாடு ஸ்லோவேனியாவோடு, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோபாஸ்கெட் தங்கம். மறுவருடம் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோலீக் கோப்பை, கூடவே சிறந்த ஆட்டக்காரர் விருது. எல்லாம் பழுத்த ஆட்டக்காரர்களுக்கு எதிராக. ஆனாலும் வேகம் போதாது, எகிறல் இல்லை என்று முணுமுணுத்தார்கள். ஃபீனிக்ஸும் சாக்ரமென்டோவும் விட்டுவிட்டன. மூன்றாவதாக எடுத்த அட்லாண்டாவும் அன்றே டல்லாஸுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே அவர் நட்சத்திரம் ஆனார்.

என் ஓட்டு களத்துக்குத்தான். சரி, கிரீஸின் இரண்டாம் பிரிவில் ஆடி, பின்னாளில் பெரிய நட்சத்திரமான யானிஸ் அன்டெட்டோகும்போவை 2013இல் மில்வாக்கி 15ஆவதாக எடுத்ததே? அங்கே உடம்பை நம்பியவர்கள்தான் ஜெயித்தார்கள். ஆனால் 15ஆம் இடத்தில் சூதாடுவது வேறு, இரண்டாம் இடத்தில் சூதாடுவது வேறு.