ஸாட் லைப்ரரி: அரே சரிபார்ப்பில் எதுவரை நம்பலாம்?

என் வேலையில் பாதி, மற்றவர்கள் அனுப்பும் பட்டியல்களை உள்ளே விடலாமா கூடாதா என்று பார்ப்பதுதான். பொருளின் குறியீடு, விலை, இருப்பு என்று வரிசையாக ஆப்ஜெக்ட்கள் நிறைந்த ஓர் அரே வந்து விழும். டைப்ஸ்கிரிப்ட் கோடில் அதைச் சோதிக்க ஸாட் லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். ஸாட்டைப் பற்றிப் பொதுவாகப் புகழ்ந்து எழுத ஆளுக்குக் குறைவில்லை. அதனால் இங்கே அரே விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதும் டைப்கள் கம்பைல் ஆனதும் மறைந்துவிடும். எண்களின் அரே என்று நாம் அறிவித்துவிட்டாலும், வெளியிலிருந்து வருவது அதுதானா என்று ஓடும்போது யாரும் கேட்பதில்லை. காலின் மெக்டானல் 2020-ல் வெளியிட்ட ஸாட் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. தரவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமாவை ஒருமுறை எழுதினால் போதும், டைப்பை அதிலிருந்தே 'இன்ஃபர்' மூலம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மாற்றி இன்னொன்றை மறக்கும் தொல்லை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பிழையைச் சொல்லும் விதம். 'சேஃப்பார்ஸ்' போட்டால் எக்ஸெப்ஷன் எறியாமல் முடிவைக் கையில் தருகிறது. ஒவ்வொரு பிழையோடும் ஒரு 'பாத்' வருகிறது: 41, அப்புறம் 'விலை'. அதாவது 42-வது வரியில் விலை சரியில்லை. (எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் பயனருக்குக் காட்டும்போது ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.) முதல் பிழையிலேயே நின்றுவிடாமல் எல்லா வரிகளையும் பார்த்துச் சொல்வதால், கோப்பை அனுப்பியவர் ஒரே மூச்சில் திருத்திவிடலாம்.

டியூப்பிளும், அதாவது எத்தனை உறுப்பு, எந்த இடத்தில் எது என்று நிலையாகச் சொல்லிவிட்ட அரேயும், கறாராக இருக்கிறது. இரண்டு எண்கள் என்று சொன்னால் ஒன்று குறைந்தாலும் கூடினாலும் தள்ளிவிடும். கூடுதல் வேண்டுமென்றால் 'ரெஸ்ட்' என்று நாமே சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தால், ஜேசன் தரவின் அமைப்பை எந்த மொழிக்கும் பொதுவாக விவரிக்கும் ஜேசன் ஸ்கீமாவின் 2020-12 வடிவத்தில், டியூப்பிளுக்கான 'ப்ரிஃபிக்ஸ்ஐட்டம்ஸ்' மட்டும் எழுதினால் காலி அரேகூடத் தேறிவிடும். குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தனியாகப் போட வேண்டும்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம், இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லும் 'ஆப்ஷனல்'. அரேயை எழுதி முடித்து வெளியே போட்டால், பட்டியலே வராமல் போகலாம் என்று அர்த்தம். உறுப்பின்மேல் போட்டால், பட்டியல் வந்தே ஆக வேண்டும், உள்ளே இருப்பது 'அன்டிஃபைன்ட்' (மதிப்பே தரப்படாதது) ஆக இருக்கலாம். ஜேசனில் அன்டிஃபைன்ட் என்ற ஒன்றே கிடையாது, வருவது 'நல்' (காலி என்று வெளிப்படையாகச் சொல்லும் மதிப்பு). ஆப்ஷனல் அதை ஏற்காது, 'நல்லபிள்' வேண்டும். அடைப்புக்குறி ஓர் இடம் தள்ளிப்போனால் போதும், ஸ்கீமா வேறு கதை பேசும்.

'கோயர்ஸ்' இன்னும் மோசம். எழுத்தாக வந்த எண்ணை எண்ணாக மாற்றித் தருவது வசதிதான். ஆனால் அடியில் இருப்பது ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய 'நம்பர்' ஃபங்ஷன். காலி எழுத்துச்சரம் 0, நல் 0, காலி அரேயும் 0. விலை நிரப்பாத வரி, விலை 0 என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடும். விலைக்கான இடத்தில் இதைப் போட நான் விடுவதில்லை. காலியா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மாற்றம்.

இதெல்லாம் தெரிந்துகொண்டால் சமாளிக்கக்கூடியவை. என் உண்மையான குறை வேறு. ஸாட் உறுப்புகளை ஒவ்வொன்றாக அருமையாகப் பார்க்கிறது, பட்டியலை முழுப் பட்டியலாகப் பார்ப்பதில் பலவீனம். 'மின்', 'மேக்ஸ்', 'லெங்த்', 'நான்எம்ப்ட்டி' என்று அளவுக்கான கருவிகள் மட்டுமே உண்டு. ஒரே குறியீடு இரண்டு வரிகளில் வரக் கூடாது என்ற சாதாரண விதிக்குக்கூட 'சூப்பர்ரீஃபைன்' போட்டு நாமே எழுத வேண்டும். எழுதினாலும் ஒரு சிக்கல்: ஏதாவது ஒரு வரியில் டைப் தவறாக இருந்தால் அந்தச் சோதனை ஓடவே ஓடாது. பயனர் விலையைத் திருத்தி மறுபடி அனுப்புவார், அதற்கப்புறம்தான் குறியீடு இரட்டித்திருப்பதைச் சொல்வோம். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் கேட்டால் நியாயம்தானே?

'மேக்ஸ்' விஷயமும் அப்படியே. 500-க்கு மேல் கூடாது என்று எழுதிவிட்டு, பெரிய பட்டியல் வாசலிலேயே திரும்பிவிடும் என்று எண்ண வேண்டாம். உறுப்புகளைச் சோதிக்கும் வேலையும் நடக்கும். எல்லா வரியும் தவறென்றால் பிழைப் பட்டியலே மலைபோல் வளரும். ஆகவே அளவை ஸ்கீமாவுக்கு முன்பே ஒரு சாதாரண 'இஃப்' வரியில் பார்த்துவிடுகிறேன். அழகில்லை, ஆனால் வேலை செய்கிறது.

போட்டியாளரான ஏஜேவி ஜேசன் ஸ்கீமாவை வைத்து இயங்குவது. அதில் 'யூனிக்ஐட்டம்ஸ்' உள்ளேயே இருக்கிறது, ஆனால் அது முழு உறுப்பையும் ஒப்பிடும். குறியீடு ஒன்றாக இருந்தும் விலை வேறென்றால் இரண்டும் வெவ்வேறு என்றே கொள்ளும். குறியீட்டை மட்டும் பார்க்க ஏஜேவி-கீவேர்ட்ஸ் என்ற துணைப் பேக்கேஜ் வேண்டும். ஒரே ஸ்கீமாவை பைதானிலும் ஜாவாவிலும் பகிர வேண்டிய குழு என்றால் யோசிக்காமல் ஜேசன் ஸ்கீமா பக்கம் போகச் சொல்வேன். ஸாட்டின் 4-வது பதிப்பில் ஜேசன் ஸ்கீமாவாக மாற்றும் வசதி வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, ஆனால் நாம் கைப்பட எழுதிய ரீஃபைன் விதிகள் அதில் வராது. குறியீடு இரட்டிக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாமலே போகும்.

முழுக்க டைப்ஸ்கிரிப்ட் என்றால் ஸாட்தான் என் தேர்வு, ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஸாட்டின் 3-வது பதிப்பிலிருந்து 4-வதுக்கு மாறுபவர்கள் 'நான்எம்ப்ட்டி'யைத் தேடிப் பாருங்கள். முன்பு அதன் டைப்பே குறைந்தது ஓர் உறுப்பு உண்டு என்று உறுதி சொல்லும், முதல் உறுப்பைத் தயங்காமல் எடுக்கலாம். இப்போது அது வெறும் 'மின் 1'-க்குச் சமம், டைப் சாதாரண அரேதான். பழைய உறுதி வேண்டுமென்றால் 'ரெஸ்ட்' உள்ள டியூப்பிளாக எழுதிக்கொள்ளுங்கள்.