ரேகை விழாத கட்டைவிரல்

மே மாதம் ஊருக்குப் போகிறேன் என்றால் டொரன்டோ தமிழர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். எல்லாரும் மார்கழிக் கச்சேரிக்கும் தைப் பொங்கலுக்கும் டிக்கெட் போடும்போது நான் மட்டும் அக்னி நட்சத்திரத்துக்குப் போடுகிறேன். இதற்குக் காரணம் 1957-இல் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் இருந்த தலைமையாசிரியர். அம்மா கணக்கில் நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே என்று அந்தப் புண்ணியவான் பேனாவைத் திறந்து மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். அந்தத் தேதிப்படி 58 முடிந்து, 2010 மே 31-இல் அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். இப்போது தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்கள் அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில், உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டும் வருடாந்திர நேர்காணலுக்குப் போக வேண்டும். ஆகவே எனக்கு மே.

விமானம், சென்னை, ரயில், எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது என் கட்டைவிரலைப் பற்றி.

நேர்காணல் என்று தாளில் எழுதுகிறோமே தவிர, எங்களுக்குள் அது மஸ்டரிங்தான். முன்பெல்லாம் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்குள் எல்லாரும் கருவூலத்துக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். சார்நிலைக் கருவூலத்து வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் பென்ஷன் புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருப்போம். ரெவின்யூ ஆட்கள் ஒரு பக்கம், வாத்தியார்கள் ஒரு பக்கம், நர்சம்மாக்கள் சுவரோரம். யாருக்கு முட்டி மாற்றினார்கள், யார் வீட்டில் பேரன் பிறந்தான், போன வருடம் இங்கே உட்கார்ந்திருந்த யார் இந்த வருடம் இல்லை, எல்லாம் அந்த நிழலில் தெரிந்துவிடும். உள்ளே போய்க் கையெழுத்துப் போட இரண்டு நிமிடம். வெளியே மூன்று மணி நேரம். அப்போது அந்த மூன்று மணி நேரத்தைத் திட்டாதவன் கிடையாது. நானும் திட்டினேன்.

ஏன், கனடாவிலிருந்தே அனுப்பக் கூடாதா என்று கேட்பீர்கள். அனுப்பலாம். நோட்டரியோ வங்கி அதிகாரியோ இந்தியத் தூதரக அதிகாரியோ கையெழுத்திட்ட வாழ்நாள் சான்றைத் தபாலில் அனுப்ப விதி இருக்கிறது. போன வருடம் அதைத்தான் செய்தேன். மிசிசாகாவில் ஒரு நோட்டரி அம்மையார் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையை அழுத்தினார். ஆறு நிமிடம், 40 டாலர். நம் பணத்தில் 2,400 ரூபாய்க்கு மேல். கவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று இணையத்தில் பச்சையாகக் காட்டியது. ஆனாலும் ஆகஸ்டில் பென்ஷன் நின்றது. அக்கா மகன் நேரில் போய்க் கேட்டதற்கு, "கவர் வந்திருக்கு, ஆனா சிஸ்டத்துல ஏறல" என்றார்களாம். இரண்டு மாதம் கழித்து நிலுவையோடு சேர்த்துப் போட்டார்கள். பணம் போகவில்லை, சரி. அந்த இரண்டு மாதம் அரசாங்கக் கணக்கில் நான் எங்கே இருந்தேன் என்பதுதான் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அதனால்தான் இந்த வருடம் ஆளே நேரில் போய் நின்றுவிடுவது என்று முடிவு.

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு நவம்பர். நவம்பரில் டொரன்டோ தூதரகத்தார் பிராம்ப்டன், மிசிசாகா பக்கம் கோயிலிலும் குருத்வாராவிலும் முகாம் போட்டுச் சான்று கொடுக்கிறார்கள். ரயில்வேயில் இருந்த என் நண்பரோடு ஒருமுறை போயிருந்தேன். வரிசையில் சர்தார்ஜிகள், குஜராத்திப் பாட்டிகள், நடுவே நம் ஆட்கள் நாலு பேர். கையெழுத்து வாங்கிவிட்டுச் சூடான பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. நவம்பரில் உயிரோடு இருந்தேன் என்ற தாளை வைத்துக்கொண்டு மே மாதத்துக்கு என்ன செய்வது?

எங்கள் ஊர் காவிரி டெல்டாவில் ஒரு தாலுகா ஊர். பெயர் வேண்டாம். காலை பத்தே காலுக்கே கருவூலத்தில் ஆஜர். பென்ஷன் புத்தகம், ஆதார், பான் கார்டு, வங்கி பாஸ்புக், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் அதிர்ச்சி, வேப்பமரத்தைக் காணோம். அந்த இடத்தில் தகரக் கூரை போட்டு ஸ்கூட்டர் நிற்கிறது. இரண்டாவது அதிர்ச்சி, ஆளே இல்லை. உள்ளே மூன்று பேர், அவ்வளவுதான். மாதம் மாதமாகப் பிரித்துவிட்டதால் கூட்டம் இல்லை. நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, நாங்கள் வருடக்கணக்காகக் கேட்ட குடிதண்ணீர் கேன்கூட இருக்கிறது. கேட்டவர்கள்தான் இல்லை.

கிளார்க் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. பென்ஷன் புத்தகத்தைத் திறந்து, நானும் மனைவியும் சேர்ந்து எடுத்த படத்தைப் பார்த்தார். 2010-இல் எனக்குத் தலையில் முடி இருந்தது.

"இது நீங்கதானா சார்?"

"நான்தாம்மா."

"அம்மா வரலையா?"

"அவங்க போய் நாலு வருஷம் ஆச்சு."

பக்கத்தைப் புரட்டினார். அதற்கான குறிப்பு அங்கே இருந்தது. என் மனைவி இறந்ததற்கான சான்றை இதே அலுவலகத்தில் ஒரே நாளில் வாங்கிக்கொண்டார்கள். நான் இருப்பதற்குத்தான் இந்தப் பாடு.

"வலது கட்டைவிரல் வைங்க சார்."

தீப்பெட்டி அளவு கறுப்புக் கருவி, நடுவில் கண்ணாடி, உள்ளே சிவப்பு வெளிச்சம். வைத்தேன். ஒரு சுற்று சுற்றியது. "ரேகை விழல சார். நல்லா அழுத்துங்க." அழுத்தினேன். "ரொம்ப அழுத்தாதீங்க." தளர்த்தினேன். இடது கட்டைவிரல். பிறகு ஆள்காட்டி விரல்கள். பிறகு நான் ஆயுளில் தனியாகப் பயன்படுத்தியே இராத மோதிர விரல். ஒவ்வொரு தடவையும் திரையில் 300 என்று ஒரு பிழை எண். முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்திய புத்தி எங்கே போகும்? 300 கெல்வின் என்றால் 27 டிகிரி செல்சியஸ். அந்த அறை எப்படிப் பார்த்தாலும் 312 இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் அம்மா என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். "தலையில தேச்சுட்டு வைங்க சார், எண்ணெய்ப் பசை இருந்தா விழும்." என் தலையில் எண்ணெயும் இல்லை, தேய்க்க முடியும் இல்லை. "அப்ப நெத்தியில தேயுங்க." தேய்த்தேன். விபூதி விரலில் ஒட்டிக்கொண்டது. கிளார்க் பெண் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தார். ரேஷன் கடையில் எலுமிச்சம்பழத் தோல் வைத்திருப்பார்கள், அதில் தேய்த்தால் சரியாகும் என்றார் இன்னொருவர். எதிர் டீக்கடையில் இருந்து அரை மூடி எலுமிச்சம்பழமும் வந்தது. தேய்த்து, கழுவி, கைக்குட்டையில் துடைத்து, ஊதி, மறுபடி வைத்தேன். 300.

கடைசியில் அந்தப் பெண் எழுந்து வந்து, என் கையைத் தன் கையில் வாங்கி, கட்டைவிரலைப் பிடித்து, "லூசா விடுங்க சார், நான் வைக்கிறேன்" என்று மெல்ல உருட்டி வைத்தார். ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதிப் பழக்குவது போல. கனடாவில் இது நடக்காது. அங்கே அரசு அலுவலகத்தில் டோக்கன் எடுத்து உட்கார்ந்து, நம்பர் வந்ததும் எழுந்து போனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சிரித்துக்கொண்டே வேலையை முடித்து அனுப்பிவிடுவார். கையைத் தொட மாட்டார். அங்கே வருடா வருடம் உயிரோடு இருக்கிறாயா என்றும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவருக்கு ஏப்ரல் 30-க்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் போதும், முதியோர் துணைத்தொகை தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. நம் ஊரில் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பதில் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆனால் நம்பாத இடத்தில்தான் இந்தப் பிள்ளை பத்து நிமிடம் என் விரலோடு மல்லுக்கட்டியது. இதில் எது மேல் என்று கேட்டால், அன்று பன்னிரண்டு மணி வெயிலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

அதுவும் விழவில்லை. கருவிழியை வைத்து ஆளை அடையாளம் காணும் கருவி ரிப்பேர். பழையபடி ஆளைப் பார்த்துக் கையெழுத்துப் போடக்கூடிய அதிகாரி கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போயிருந்தார். "நாளைக்கு வாங்க சார்." நாளை வெள்ளி, பிறகு சனி ஞாயிறு. நான் குரலை உயர்த்தினேன். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தவன், நேரில் நிற்கிறேன், என்றெல்லாம். அந்தப் பெண் எதிர்த்துப் பேசவில்லை. "எங்க தாத்தாவுக்கும் விழாது சார்" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சாக்பீஸ் பிடித்தே என் ரேகை தேய்ந்துவிட்டது, அதற்கு இந்த அரசாங்கம்தான் பொறுப்பு என்று ஒரு வாதம்கூட வைத்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் அக்கா மகன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மாமா, போஸ்ட் ஆபீஸ்ல சொன்னா வீட்டுக்கே வந்து எடுப்பாங்களாமே."

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ட்ரெஷரிக்குத்தான் போவேன்னு நின்னீங்க" என்றான். அதுவும் உண்மை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஸ்கூட்டியில் ஒரு தபால்காரப் பெண். ஹெல்மெட், தோளில் பை, பையில் கட்டுக் கட்டாகத் தபால், கையில் ஒரு ஃபோன். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் சேவை. வீட்டுக்கே வந்து மின்னணு வாழ்நாள் சான்று எடுக்க 70 ரூபாய். ஜீவன் பிரமாண் என்ற இந்த மின்னணுச் சான்றுத் திட்டம் 2014-இல் தொடங்கியபோது விரல், கண் இரண்டுதான். 2021-இல் முகத்தை வைத்தே எடுக்கும் வழியும் வந்துவிட்டதாம். இது தெரியாமல் நான் நெற்றியில் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

திண்ணையில் உட்காரச் சொன்னார். "வெளிச்சம் மூஞ்சில படணும் ஐயா, இப்படித் திரும்புங்க. கண்ணாடியைக் கழட்டிடுங்க." ஆதார் எண், பென்ஷன் புத்தக எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் தட்டினார். ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் ஒரு வட்டம், அதற்குள் வியர்த்த ஒரு கிழவன்.

"கண்ணை மூடித் திறங்க ஐயா."

மூடினேன், திறந்தேன். வட்டம் பச்சை ஆனது.

"முடிஞ்சுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஐயா. மெசேஜ் வரும்."

நூறு ரூபாய் கொடுத்தேன். மீதி வேண்டாம் என்றேன். கேட்கவே இல்லை, மூன்று பத்து ரூபாய்த் தாளைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஒரு சொம்பு மோர் மட்டும் குடித்தார். அடுத்த தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டிக்கு எடுக்க வேண்டுமாம். 70 ரூபாய் என்றால் ஒரு டாலருக்குக் கொஞ்சம் கூட. மிசிசாகாவில் அந்தக் காசுக்குக் கார் நிறுத்தக்கூட முடியாது. தபால் துறையைச் சின்ன வயதிலிருந்து திட்டிக்கொண்டே வளர்ந்தவன் நான். மணியார்டர் தாமதத்துக்குக் கடுதாசி எழுதிப் போட்டவன். எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வேலை முடிந்தது. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கள்கிழமை காலை எந்தக் காரணமும் இல்லாமல் கருவூலம் பக்கம் நடந்து போனேன். மரம் இருந்த இடத்தில் சற்று நேரம் நின்றேன். என்னோடு வேலை பார்த்த தமிழய்யாவுக்கு மார்ச், கணக்கு வாத்தியாருக்கு ஜனவரி, பி.டி. மாஸ்டருக்கு ஆகஸ்ட். அவர்களில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கிளார்க் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சார், உங்களுது ஏறிடுச்சு, பார்த்துட்டேன்" என்றார். சிரித்தார். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால், குறுஞ்செய்தி வந்தது அக்கா மகன் நம்பருக்கு. என் பழைய சிம் ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துவிட்டது. அவன் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, மேலே 'மாமா உயிரோடு இருக்கிறார்' என்று எழுதியிருந்தான். இரவு சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன். கீழே பதினான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.