வெள்ளவத்தையில் வீடு: கட்டுநர் காட்டும் சட்டத்தரணியா, நாமே தேடியவரா?

கனடாவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கும்போது, கட்டுநரே ஒரு சட்டத்தரணியைக் காட்டிவிடுவது வழக்கம். வேலை சுருக்காக முடியும். அந்தக் கட்டடத்தின் பத்திரங்கள் ஏற்கெனவே அவர் கையில் இருக்கும். ஆனால் அவருடைய நிரந்தர வாடிக்கையாளர் கட்டுநர்தான், நீங்கள் அல்ல.

நாமே தேடிப் பிடிப்பது அலைச்சல். உறவினர் யாராவது நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் இரண்டு நாள் நடக்க வேண்டிவரும், தனிக் கட்டணமும் உண்டு. அப்படியிருந்தும் நான் இதைத்தான் சொல்வேன். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருட உரித்தைத் தேடிப் பார்ப்பதும், அடமானம் இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்களுக்காகவே வேலை செய்பவரிடம் இருக்க வேண்டிய பொறுப்பு.

குடியுரிமை விடயமும் இருக்கிறது. இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் பொதுவாகக் காணி வாங்க முடியாது. தொடர்மாடி வீட்டுக்கு நிபந்தனையுடன் விலக்கு உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. இதை முற்பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் சட்டத்தரணி கேட்டுவிடுவார். விற்பவரின் ஆள் கேட்பாரா?

அப்புறம், வீட்டின் உறுதிப் பத்திரம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டும். நேரில் வர முடியாவிட்டால் உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தை நம்பிக்கையான உறவினருக்கே கொடுங்கள், கட்டுநர் காட்டியவருக்கு வேண்டாம்.