ஆறடிக்குப் பில், 1800 மில்லிமீற்றருக்கு யன்னல்: வீடு கட்டுபவர்கள் கவனிக்கவும்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் முடியும் கட்டத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு ஒன்பது அலுமினிய யன்னல்கள் செய்யக் கொடுத்தோம். எட்டு 6 அடிக்கு 4 அடி, ஒன்று குசினிக்குச் சின்னது. பூச்சு முடிந்த பிறகுதான் யன்னல் வாசல்களை, அதாவது யன்னல் வைக்கச் சுவரில் விட்ட இடைவெளிகளை, அளந்தோம். பட்டறை தந்த மதிப்பீட்டிலும் யன்னல் ஒன்றுக்கு 24 சதுர அடி என்றே இருந்தது. வந்து இறங்கிய சட்டங்களின் வெளி அளவு 1800க்கு 1200 மில்லிமீற்றர். கேட்டதற்கு, “ஆறடி எண்டா 1800 தானே அண்ணே, எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்யிறம்” என்று பதில்.

6 அடி என்பது 1829 மி.மீ. 4 அடி 1219. அகலத்தில் 29, உயரத்தில் 19 மி.மீ. குறைகிறது. சட்டம் வாசலுக்குள் இலகுவாகப் போக இரண்டு பக்கமும் சேர்த்து 8 முதல் 10 மி.மீ. விட்டால் போதும். அப்படியென்றால் இந்த வாசலுக்கு 1820க்கு 1210 தான் சரியான அளவு. காசுக் கணக்கும் பிழை. 1.8 × 1.2 மீற்றர் 2.16 சதுர மீற்றர், அதாவது 23.25 சதுர அடி. எட்டு யன்னலுக்கும் சேர்த்து இல்லாத 6 சதுர அடிக்குக் காசு கேட்டிருக்கிறார்கள்.

பட்டறைகளுக்கு இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பூச்சுக்கு முன் 6 அடி விட்ட வாசலில் பக்கத்துக்கு அரை இஞ்சி பூசினால் மிஞ்சுவது 1803 மி.மீ.; அதற்குள் 1800 சட்டம் இறுக்கமாகத்தான் நிற்கும். பூசிய வாசலுக்கும் அதே கணக்கைப் போடும்போதுதான் ஓட்டை விழுகிறது. ஓடர் கொடுக்கும் தாளில் “பூச்சுக்குப் பின் வாசல் அளவு” என்று எழுதி, மி.மீ. இலக்கத்தையும் போட்டு, கையொப்பம் வாங்குங்கள். சட்டத்தின் வெளி அளவு எவ்வளவு என்பதையும் அவர்களைக் கொண்டே எழுதுவியுங்கள்.

“சிலிக்கன் அடிச்சா சரி” என்றார்கள். சட்டத்தை நடுவில் வைத்தாலும் பக்கத்துக்கு 14 மி.மீ. இடைவெளி. பின்னால் ஒன்றும் அடைக்காமல் அவ்வளவு அகலத்துக்குச் சிலிக்கன் பூசினால் அது நடுவில் இறங்கி, வெயிலுக்கு ஓரம் விட்டுவிடும். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளியை நிரப்பும் சரியான அண்டைத் துண்டு கொடுக்காமல் ஸ்குரூவை இறுக்கினால் சட்டம் வளையும், பிறகு இழுக்கும் கதவு ஓடாது. சீமெந்துச் சாந்தை நேரே அலுமினியத்தோடு வைத்து அடைப்பது அதைவிட மோசம். ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தை அரிக்கும். கல்லடி தொடங்கிக் கல்முனை வரை கடலோர வீடுகளுக்கு மாரியில் மழை நேராக விழுவதில்லை, வாடைக்காற்றோடு சுவரில் அடிக்கும். இப்போது தெரியாத இடைவெளி கார்த்திகையில் தெரியும்.

குசினி யன்னலில் நடந்தது வேறு பிழை. அதில் பாதி எங்கள் பக்கம். வாசல் அகலம் 3 அடி 10 இஞ்சி. மேசன் தாளில் எழுதியது 3.10. பட்டறையில் அதைக் கல்குலேட்டரில் தட்டினால் 3.1 அடி, அது 945 மி.மீ. உண்மையில் 46 இஞ்சி, 1168 மி.மீ. ஒன்பது இஞ்சிக்குக் கிட்டக் குறைந்த சட்டத்தைக் கொண்டுவந்து, வாசலில் பிடித்துப் பார்த்த பிறகும் “நீங்க தந்த அளவுதான்” என்று தாளைக் காட்டினார்கள். ஒருமுறை வந்து அளந்திருந்தால் இது நடந்திருக்காது. அடிக்கும் இஞ்சிக்கும் நடுவில் புள்ளி வைக்கவே கூடாது. முழுவதையும் இஞ்சியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் மி.மீ.யில் எழுதுங்கள். 5.6 என்று எழுதினால் ஒருவர் 5 அடி 6 இஞ்சி, 1676 என்று எடுப்பார், இன்னொருவர் 1707 என்று எடுப்பார்.

இதே வீட்டுக்கு டைல்ஸ் எடுத்த கடையிலும் அளவில்தான் அடி விழுந்தது. இரண்டடிக்கு இரண்டடி என்று விற்கும் டைல்ஸ் 600க்கு 600 மி.மீ. ஒரு கல்லின் பரப்பு 4 சதுர அடி இல்லை, 3.875. பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 4 கல், 1.44 சதுர மீற்றர் என்று அச்சடித்திருக்கிறது, அது 15.5 சதுர அடி. கடைக்காரர் 16 என்று பெருக்கிச் சதுர அடி விலையில் பில் போட்டார். 800 சதுர அடித் தரைக்கு அவர் கணக்கில் 50 பெட்டி. அதில் இருப்பது 775 சதுர அடிதான். வெட்டு, உடைவு சேராமலே 52 பெட்டி வேண்டும்; ஓரங்களுக்கும் உடைவுக்கும் 5 சதவீதம் சேர்த்தால் 55. குறைந்ததைப் பிறகு எடுக்கப் போனால் அதே தொகுதிக் கல் கிடைக்காது, நிறம் ஒரு பிடி மாறும். பெட்டியில் உள்ள சதுர மீற்றரை 10.764 ஆல் பெருக்கிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். 300 மி.மீ. கல்லை ஒரு சதுர அடி என்று விற்பதும் இதே கதைதான், அது 0.97.

கம்பியில் பார்க்க வேண்டியது நீளமும் நிறையும். 20 அடி என்று பில் போடும் கம்பி 6 மீற்றராக இருந்தால் 19 அடி 8¼ இஞ்சிதான். ஒன்றில் 96 மி.மீ., நூறு கம்பியில் ஒன்றரைக் கம்பிக்கு மேல் போகும். குறைவதை மேசன்மார் பொருத்தில்தான், அதாவது இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும் நீளத்தில்தான், சரிக்கட்டுவார்கள். 12 மி.மீ. கம்பிக்கு விட்டத்தின் 50 மடங்கு பொருத்து என்று வரைபடம் சொன்னால் 600 மி.மீ. இருக்க வேண்டும், அதில் கைவைக்க விடாதீர்கள். “அரை இஞ்சிக் கம்பி” என்று வாய்ப்பேச்சில் கேட்காதீர்கள். அரை இஞ்சி, அதாவது 4 நூல், 12.7 மி.மீ.; கடையில் கிடைப்பது 12. குறுக்குவெட்டில் 12 சதவீதம் வித்தியாசம். தடிப்பைச் சரிபார்க்கச் சுகமான வழி நிறுப்பதுதான். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து வர்க்கமாக்கி 162 ஆல் பிரித்தால் ஒரு மீற்றரின் கிலோ நிறை வரும். 10 மி.மீ. 617 கிராம், 12 மி.மீ. 888, 16 மி.மீ. 1.58 கிலோ. ஒரு மீற்றர் துண்டு 12 மி.மீ. கம்பி 800 கிராம்தான் காட்டினால் இறக்க வேண்டாம்.

குழாய் வாங்கும்போது “ஒரு இஞ்சி, 25 மில்லி” என்று சேர்த்துச் சொல்லாதீர்கள். பிவிசியில் 25 மி.மீ. என்பது வெளி விட்டம், அது முக்கால் இஞ்சிக் குழாய். ஒரு இஞ்சிக்கு 32, அரை இஞ்சிக்கு 20.

ஆற்று மண் கியூப் 100 கன அடி, 2.83 கன மீற்றர். 2.5 கன மீற்றரை ஒரு கியூப் என்று தந்தால் 88 கன அடிதான் கிடைக்கும். டிப்பர் தட்டுவதற்கு முன் பெட்டியின் உள் நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100 ஆல் பிரியுங்கள். 10 × 6 × 2½ என்றால் ஒன்றரை கியூப். ஈரமண் ஊதி நிற்கும், காய்ந்தால் கால்வாசிகூடக் குறையலாம், அதனால் கொங்கிரீட்டுக்கு அளவுப் பெட்டியால் அளக்கும்போது ஈரத்தைக் கவனித்து மண்ணைக் கூட்ட வேண்டும்.

குசினிச் சட்டத்தையும் பெரிய சட்டங்கள் எட்டையும் திருப்பி அனுப்பிவிட்டோம். அவை மீண்டும் செய்யப்படுகின்றன. டைல்ஸ் கடை 25 சதுர அடிக் காசைத் தர மறுத்துவிட்டது. பில்லையும், பெட்டியில் உள்ள அச்சைப் படம் எடுத்தும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்கிறோம். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும், அதனால் டைல்ஸ் வந்த வெற்றுப் பெட்டிகளை எரிக்காமல் வைத்திருங்கள்.